ஒரு துளி இரத்தத்தில் மண்ணீரலின் செய்தி

சோறு வெந்துவிட்டதா என்று அறிய உங்கள் அம்மா என்ன செய்கிறார்? பானையைக் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. அகப்பையில் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறார். 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற பழமொழி இதிலிருந்து பிறந்ததுதான்.

இப்போது வேறொரு பானையை எண்ணிப் பாருங்கள். நம் வயிற்றின் இடது பக்கத்தில், விலா எலும்புகளுக்கு அடியில் மண்ணீரல் மறைந்திருக்கிறது. அதற்குள் ஒரு நோய் வளர்கிறதா, தேய்கிறதா என்று எப்படி அறிவது? அடிக்கடி அறுத்துப் பார்க்க முடியாது. அங்கிருந்து ஒரு 'பருக்கை' வெளியே வந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும்! அத்தகைய பருக்கையைத் தேடி விஞ்ஞானிகள் நடத்திய வேட்டையின் கதையைத்தான் இங்கே படிக்கப் போகிறீர்கள்.

பாரிஸ் மாணவர் கண்ட செல்கள்

1882-ஆம் ஆண்டு. பாரிஸ் நகரில் ஃபிலிப் கோஷே என்ற 28 வயது மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டை எழுதினார். 32 வயதுப் பெண் ஒருவரின் மிகப் பெரிதாக வீங்கிய மண்ணீரலை அவர் ஆராய்ந்திருந்தார். நுண்ணோக்கியில் பார்த்தபோது, வழக்கத்தைவிடப் பெரிய, உப்பிய செல்கள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன. இது மண்ணீரலில் தோன்றிய ஒருவகைப் புற்று என்று அவர் கருதினார். அந்த முடிவு தவறு. ஆனால் செல்களைப் பற்றி அவர் தந்த வருணனை சரியானது. எனவே அந்த நோய்க்குக் கோஷே நோய் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

உப்பிய செல்களுக்குள் இருந்தது என்ன? குளுக்கோஸ் ஒட்டிய ஒரு கொழுப்புப் பொருள். அதன் பெயர் குளுக்கோசில்செரமைடு. அது ஏன் அங்கே குவிய வேண்டும்?

துப்புரவுப் பணி நின்றால்

நம் இரத்தச் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாட்கள் வாழ்கிறது. ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்கள் முதுமையடைந்து அழிகின்றன. இவற்றை விழுங்கி அப்புறப்படுத்தும் துப்புரவாளர்கள் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் இருக்கிறார்கள். மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள்தாம் அவர்கள்.

விழுங்கியதைச் செரிக்க அச்செல்களில் லைசோசோம் என்னும் சிறு பைகள் உண்டு. 1955-இல் பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியான் டி டூவ் இவற்றைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். பைக்குள் பல நொதிகள் வேலை செய்கின்றன. ஒவ்வொரு நொதிக்கும் ஒரு தனி வேலை. குளுக்கோசில்செரமைடிலிருந்து குளுக்கோஸை வெட்டி எடுப்பது குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதியின் வேலை. கோஷே நோயாளிகளிடம் இந்த நொதிதான் குறைவு என்பதை 1965-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையங்களைச் சேர்ந்த ராஸ்கோ பிரேடியும் அவர் குழுவினரும் கண்டறிந்தனர். மற்ற குப்பையெல்லாம் செரித்துவிடுகிறது. இந்த ஒரு கொழுப்பு மட்டும் தேங்கி நிற்கிறது.

இது தொற்றுநோய் அன்று, மரபுவழி வருவது. இந்த நொதிக்கான ஜீன் முதலாம் குரோமோசோமில் உள்ளது. தாய், தந்தை இருவரும் பழுதான ஜீன் ஒன்றைத் தாங்கியவர்களாக இருந்தால், அவர்களுக்கு இந்த நோயின் துன்பம் தெரியாது. ஆனால் அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உலக அளவில் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பிறப்புகளில் ஒன்று என்ற கணக்கில் காணப்படும் அரிய நோய் இது.

அரியது என்பதால் எளியது என்று எண்ணிவிடாதீர்கள். நோயுற்ற சிறுவனின் வயிறு வீங்குகிறது. இரத்தச் சோகையால் சீக்கிரம் களைத்துவிடுகிறான். மூக்கில் இரத்தம் வடிகிறது. எலும்புகள் வலிக்கின்றன, சில வேளை முறிந்தும் போகின்றன. நோய் இன்னதென்று தெரியாமலே பல ஆண்டுகள் கடந்துவிடுவதும் உண்டு.

மருந்து வந்தது, அளவுகோல் எங்கே?

இல்லாத நொதியை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? பிரேடி குழுவினர் பல்லாண்டு பாடுபட்டு அதைச் சாதித்தனர். மனித நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்த நொதி 1991-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1994-இல் மரபணுப் பொறியியல் மூலம், வளர்ப்பு விலங்குச் செல்களில் தயாரித்த நொதி வந்தது. வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இதைச் சிரை வழியே ஏற்ற வேண்டும். வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். விலையோ மிக மிக அதிகம்.

இப்போது மருத்துவர் முன் ஒரு புதுக் கேள்வி. எவ்வளவு மருந்து போதும்? அது வேலை செய்கிறதா? மண்ணீரல் சுருங்க மாதங்கள் ஆகும். எலும்பு தேற ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்காமல் விடை சொல்லும் பொருள் ஒன்று இரத்தத்தில் வேண்டும். இத்தகைய அடையாளப் பொருளைப் பயோமார்க்கர் என்கிறார்கள்.

இறால் ஓடு தந்த வியப்பு

அத்தகைய அடையாளப் பொருள் ஒன்று 1994-இல் ஆம்ஸ்டர்டாமில் கிடைத்தது. இறால் ஓடு, பூச்சிகளின் மேல்தோல், காளான் ஆகியவற்றில் கைட்டின் என்ற பொருள் இருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். மனித உடலில் கைட்டின் கிடையாது. ஆனால் கைட்டினைச் சிதைக்கும் கைட்டோட்ரையோசிடேஸ் என்னும் நொதி, கோஷே நோயாளிகளின் இரத்தத்தில் சாதாரண அளவைப் போல் 600 மடங்குக்கும் மேலாக இருந்தது! கொழுப்பு அடைத்த விழுங்கு செல்களே அதைச் சுரந்து தள்ளின. சிகிச்சை தொடங்கியதும் அதன் அளவு மளமளவென்று இறங்கியது.

சிக்கல் தீர்ந்ததா? இல்லை. நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேருக்கு இந்த நொதியே உருவாவதில்லை என்று பின்னர் தெரிந்தது. அதன் ஜீனில் 24 எழுத்துகள் இருமுறை வந்துவிட்டதே காரணம். இதனால் அவர்களுக்குத் தீங்கு ஏதும் தெரிவதில்லை. ஆனால் அவர்களில் ஒருவருக்குக் கோஷே நோயும் வந்தால்? நோய் முற்றியிருந்தாலும் சோதனையில் 'ஒன்றுமில்லை' என்றே விடை வரும். அதை நம்பினால் நோயாளியின் கதி என்ன?

கழித்தல் கணக்கு

எனவே வேட்டை மண்ணீரலுக்கே திரும்பியது. 2000-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் ஒரு கழித்தல் கணக்குப் போட்டனர். நோயுற்ற மண்ணீரலில் எந்தெந்த ஜீன்கள் வேலை செய்கின்றன என்று ஒரு பட்டியல். நோயில்லாத மண்ணீரலுக்கு மற்றொரு பட்டியல். இரண்டிலும் பொதுவானவற்றை நீக்கினால், மிஞ்சுபவை நோயின் சுவடுகள் அல்லவா? அப்படி மிஞ்சியவற்றில் எலும்பின் புரதத்தைச் சிதைக்கும் காதெப்சின் கே என்ற நொதி இருந்தது. செல்களுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் ஒரு புரதமும் இருந்தது. சி.சி.எல். 18 எனப்படும் அந்தப் புரதம் நோயாளிகளின் இரத்தத்திலும் பன்மடங்கு மிகுந்திருப்பதை 2004-இல் ஆம்ஸ்டர்டாம் குழு காட்டியது. முதல் நொதி இல்லாதவர்களுக்கும் இனி ஒரு வழி பிறந்தது.

பானையிலிருந்தே ஒரு பருக்கை

ஆனால் இவ்விரண்டும் புகையைப் போன்றவை. புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம். வேறு நெருப்பிலிருந்தும் புகை வரலாமே! வேறு சில நோய்களிலும் இவை ஓரளவு உயர்வதுண்டு.

2011-இல் அதே ஆம்ஸ்டர்டாமிலிருந்து அடுத்த செய்தி வந்தது. தேங்கி நிற்கும் கொழுப்பு தண்ணீரில் கரையாதது. லைசோசோமில் உள்ள மற்றொரு நொதி அதன் கொழுப்பு அமில வாலை வெட்டிவிடுகிறது. மிச்சமுள்ள பகுதி குளுக்கோசில்ஸ்பிங்கோசின். இது எளிதாகச் செல்லைவிட்டு வெளியேறி இரத்தத்தில் கலக்கிறது. நோயாளிகளிடம் இது சராசரியாக 200 மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. இது புகையன்று, தேங்கிய கொழுப்பின் ஒரு துண்டே! வடிதாளில் உலர்ந்த ஒரு துளி இரத்தத்திலும் இதை அளந்துவிடலாம்.

அப்படியானால் மற்றச் சோதனைகள் வேண்டாமா? வேண்டும். இந்த அளவு உடல் முழுவதிலும் உள்ள நோய்ச்சுமையைக் குறிக்கிறது. எந்த எலும்பு நலிந்திருக்கிறது என்று அது சொல்லாது. ஒரே அளவு உடைய இருவரில் ஒருவர் ஓடியாடலாம். மற்றவர் வலியால் துடிக்கலாம். ஆகவே மருத்துவர்கள் இன்றும் மண்ணீரலின் பருமனையும் எலும்பின் நிலையையும் கருவிகளால் படம்பிடித்துப் பார்க்கிறார்கள். நோயாளி சொல்வதையும் கேட்கிறார்கள்.

அடுத்த முறை அம்மா பருக்கையை நசுக்கிப் பார்க்கும்போது கவனியுங்கள். எடுப்பதற்கு முன் சோற்றை ஒருமுறை கிளறிவிடுவார். மேலே வெந்தது அடியிலும் வெந்திருக்கிறதா என்று அறிய வேண்டாமா? மருத்துவ ஆய்வுக்கும் அந்தக் கவனம் வேண்டும்.