பொருநையின் நீர்வாழ் உயிர்கள்

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நீளமே உடையது. காவிரியை நோக்க இது சிற்றாறே. எனினும் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளையும் பெறுவதால் வற்றாத ஆறு எனப் பெயர் பெற்றது. நீரினின்றே உயிரனைத்தும் படைக்கப்பெற்றன என்பது திருமறை உணர்த்தும் செய்தி. அந்நீர் விரையுமிடத்து வாழும் உயிர் வேறு. தேங்குமிடத்து வாழும் உயிர் வேறு.

மலையோடைகளில் நீர் பாறைகளின்மீது பாய்ந்தோடும். அங்கு வாழும் சிறுமீன்கள் சில, வாயின் அடிப்புறத்து அமைந்த வட்டத் தட்டினால் கல்லைப் பற்றிக்கொண்டு, அதன்மேற் படர்ந்த பாசியைச் சுரண்டியுண்ணும். இவ்வினத்துள் ஒன்றற்கு 1993இல் களக்காட்டின் பெயரே அறிவியற் பெயராக இடப்பெற்றது. முதுகுத் துடுப்பில் இழைபோல் நீண்ட கதிர்களையுடைய கெண்டை வகையொன்றற்கு, மீனியல் அறிஞர் சைலஸ் 1954இல் இவ்வாற்றின் பெயரையே சூட்டினார். பொருநைக்கே உரிய அம்மீன் இங்கு அழியுமாயின் வேறெந்த ஆற்றினின்றும் அதனைக் கொணர இயலாது.

சமவெளியில் அயிரை, ஆரல், விரால், கெளுத்தி முதலியன வாழ்கின்றன. அயிரை மணலுள் புதைந்து வாழ்வது. ஆற்றுமணலை அள்ளுவோர் அதன் வீட்டையே அள்ளிச் செல்கின்றனர். நாரைக்கு அயிரை இரையாதலையும், நீர்நாய் வாளையைப் பற்றுதலையும் குறுந்தொகைப் புலவர்கள் பாடியுள்ளனர். உமறுப்புலவரும் அரபு நாட்டை வருணிக்கப் புகுந்தபோது தமிழ்நாட்டு மருதநில வளத்தையே அதற்கு அளித்தார். அப்பாடல்களுக்கு உரை கூறும் நம் மாணவர் பலர் நீர்நாயைக் கண்டதில்லை. அது இன்றும் இவ்வாற்றில் வாழ்கிறது என்றால் வியக்கின்றனர்!

விலாங்கின் வாழ்க்கை தனித்தன்மை வாய்ந்தது. கடலிற் பிறந்து, குஞ்சாக ஆற்றில் ஏறி, ஆண்டுகள் பல நன்னீரில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்கே செல்லும். கடலினின்று ஏறிவரும் அதன் வழியில் நிற்பது திருவைகுண்டம் அணைக்கட்டு. அதற்கு மேலும் ஏழு அணைக்கட்டுகள் உள. உழவுக்கு இவை இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயினும் மீன் ஏறிச்செல்லச் சரிவான வழியொன்று அமைத்தல் பொறியியலார்க்கு அரிதன்று.

வந்தேறிகளாலும் கேடு உண்டு. 1952இல் இந்தியாவிற்குக் கொணரப்பெற்ற திலேப்பியா ('சிலேப்பி' என்பது மக்கள் வழக்கு) அழுக்கு நீரிலும் பெருகவல்லது. நகரக் கழிவுநீர் கலக்குமிடங்களில் நாட்டுமீன்கள் மூச்சுக்காற்றுக் குறைந்து மடிய, அவ்விடத்தை இது பிடித்துக்கொள்கிறது. வலையில் மீன் குறையவில்லை என்று கூறுவாருக்கு, கூடையில் எத்தனை வகை உள்ளன என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

கழிமுகத்தில் நன்னீரும் உவர்நீரும் கலக்கின்றன. அலையாத்தி மரங்களின் வேர்களிடையே இறாற்குஞ்சுகளும் மடவைக் குஞ்சுகளும் வளர்ந்து பின்னரே மன்னார் வளைகுடாவிற்குச் செல்லும். ஆற்றுநீர் சிறிதும் வந்து சேராத கோடை நாள்களில் அக்கழிமுகத்தின் உவர்ப்பு மிகுகிறது. ஆற்றுநீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்று நாம் வருந்திக் கூறும் அந்நீரே அக்குஞ்சுகளுக்கு வாழ்வு.