பயிற்சி வெளிப்பாடும் திறன் கற்றலும்: உடற்கல்வி மாணவர்களுக்கான ஓர் உளவியல் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பயிற்சி வேளையில் கண்ணுக்குப் புலப்படும் முன்னேற்றத்தையே கற்றல் எனக் கொள்வது உடற்கல்வி வகுப்பில் எளிதில் நேரும் பிழையாகும். விளையாட்டு உளவியலில் 'சூழல் இடையீடு' எனப்படும் கருத்தாக்கத்தின் துணைகொண்டு அப்பிழையின் தன்மையையும், பயிற்சி வரிசையை அமைக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திறன் கற்றல், சூழல் இடையீடு, தொகுதிப் பயிற்சி, கலப்புப் பயிற்சி, தக்கவைப்புச் சோதனை.

முன்னுரை

இறகுப்பந்து வகுப்பொன்றில் மாணவர் ஒருவர் நெடுந்தொலைவு சர்வீஸை முப்பது முறை தொடர்ந்து அடிப்பதாகக் கொள்வோம். தொடக்கத்தில் தவறிய பந்துகள் இறுதியில் குறித்த இடத்தில் விழுகின்றன. மாணவரும் ஆசிரியரும் மனநிறைவு அடைகின்றனர். ஆனால், ஒரு வாரம் கழித்து ஆட்டத்தின் நடுவே அதே சர்வீஸ் தவறுகிறது. இதனை மாணவரின் கவனக்குறைவு என்று கூறிக் கடந்துவிடலாகாது. அவர் பயின்ற முறையிலேயே காரணம் இருக்கக்கூடும்.

வெளிப்பாடும் கற்றலும்

ஒரு குறிப்பிட்ட வேளையில் காணப்படும் செயலின் தரம் 'வெளிப்பாடு' ஆகும். காலம் கடந்தும் சூழல் மாறியும் நிலைத்து நிற்கும் திறன் மாற்றமே 'கற்றல்' ஆகும். வெளிப்பாட்டை நேரடியாகக் காண இயலும். கற்றலை ஊகித்தே அறிய இயலும். எனவே, கற்றலை அறிய இருவகைச் சோதனைகள் தேவைப்படுகின்றன. இடைவெளிக்குப் பின் அதே செயலைச் செய்யச் சொல்வது தக்கவைப்புச் சோதனை. புதிய சூழலில் செய்யச் சொல்வது மாற்றச் சோதனை.

ஆய்வுச் சான்றுகள்

சொற்கற்றல் ஆய்வில் பேட்டிக் முன்வைத்த சூழல் இடையீட்டுக் கருத்தை, ஷே, மார்கன் ஆகிய இருவரும் 1979ஆம் ஆண்டு உடலியக்கத் திறனுக்குப் பொருத்திப் பார்த்தனர். கையில் டென்னிஸ் பந்தைப் பற்றிக்கொண்டு சிறு மரத்தடைகளை மூவேறு வரிசைகளில் விரைந்து தட்டி வீழ்த்துவதே செயல். பயிற்சி முயற்சிகள் மொத்தம் 54. ஒரு குழுவினர் ஒரு வரிசையை முடித்த பின்னரே அடுத்ததற்குச் சென்றனர். இது தொகுதிப் பயிற்சி. மற்றொரு குழுவினர் மூன்றையும் கலந்து செய்தனர். இது கலப்புப் பயிற்சி. பயிற்சியின்போது தொகுதிக் குழுவே விரைவாகச் செயல்பட்டது. எனினும், 10 நிமிடங்களுக்குப் பின்னும் 10 நாட்களுக்குப் பின்னும் நடந்த சோதனைகளில் கலப்புக் குழுவே மேம்பட்டு நின்றது.

1986இல் குட், மகில் ஆகியோர் இதனை இறகுப்பந்து சர்வீஸுக்கு விரிவுபடுத்தினர். 30 மாணவியர் குறுந்தொலைவு, நெடுந்தொலைவு, டிரைவ் என்னும் மூவகை சர்வீஸ்களை வாரம் மூன்று நாட்கள் வீதம் மூன்று வாரங்கள் பயின்றனர். தக்கவைப்புச் சோதனையிலும், ஆடுகளத்தின் மறுபக்கத்திலிருந்து அடிக்கச் சொன்ன மாற்றச் சோதனையிலும் கலப்பு வரிசையில் பயின்றவர்களே சிறந்து விளங்கினர்.

காரண விளக்கம்

இதற்கு இரு விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, செயல்கள் கலந்து வரும்போது கற்பவர் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார். அதனால் ஒவ்வொன்றின் தனித்தன்மையும் நினைவில் ஆழப் பதிகிறது. இரண்டாவது, லீ, மகில் ஆகியோரின் விளக்கம். இடையில் வேறு செயல் புகுவதால் முந்தைய செயல்திட்டம் மறக்கப்படுகிறது. கற்பவர் ஒவ்வொரு முறையும் அதனைப் புதிதாக உருவாக்க வேண்டியுள்ளது. ஆட்டமும் அவரிடம் இதனையே கோருகிறது. ஒரே சர்வீஸை முப்பது முறை அடிக்கும் வாய்ப்பை எந்த ஆட்டமும் தருவதில்லை.

கற்பவரின் தன்மதிப்பீடும் இவ்விடத்தில் தவறக்கூடும். சைமன், பியார்க் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், தொகுதி முறையில் பயின்றவர்கள் மறுநாள் தாம் சிறப்பாகச் செய்வோம் எனக் கணித்தனர். ஆனால், சோதனையில் கலப்பு முறையில் பயின்றவர்களே சிறப்பாகச் செய்தனர். பயிற்சியின் எளிமை கற்றல் நிகழ்ந்துவிட்டது என்னும் மயக்கத்தைத் தந்துவிடுகிறது.

வரம்புகள்

கலப்புப் பயிற்சி எல்லார்க்கும் எப்போதும் பொருந்தும் எனக் கொள்வதற்கில்லை. ஆய்வுக்கூடத்தில் தெளிவாகக் காணப்படும் இவ்விளைவு, விளையாட்டுக் களத்தில் அதே வலிமையுடன் எப்போதும் வெளிப்படுவதில்லை. பயிற்சியின் கடினம் கற்பவரின் திறன்நிலைக்கு ஏற்ப அமைய வேண்டும் என்பது 2004இல் குவாடக்னோலி, லீ ஆகியோர் முன்வைத்த 'அறைகூவல் புள்ளி' என்னும் கருத்தின் சாரம். ஃபிட்ஸ், போஸ்னர் ஆகியோர் கூறிய மூன்று நிலைகளுள் முதலாவதாகிய அறிதல் நிலையில் உள்ள மாணவர், மட்டையைப் பிடிக்கும் முறையையே தேடிக்கொண்டிருப்பார். அவருக்குச் சிறிது காலம் தொகுதிப் பயிற்சி உதவும். அசைவின் அடிப்படை வடிவம் அமைந்த பின்னர் படிப்படியாகக் கலப்புக்கு மாறுவது தகும்.

முடிவுரை

உடற்கல்வி மாணவர் இன்று கற்பவர், நாளை கற்பிப்பவர். அவரது கற்பித்தல் பயிற்சியை மதிப்பிடுவோர் வகுப்பின் ஒழுங்கையும் அன்றைய வெளிப்பாட்டையும் மட்டுமே நோக்கினால், தவறுகள் மிகுந்து தோன்றும் கலப்புப் பயிற்சியை அவர் தவிர்க்கவே முற்படுவார். அதன் இழப்பு அவரிடம் பயிலும் பள்ளி மாணவரைச் சேரும். ஆகவே, செய்முறைத் தேர்வில் பயிற்சி நாளின் மதிப்பெண்ணோடு, சில நாட்கள் கழித்து நடத்தும் தக்கவைப்புச் சோதனைக்கும் இடமளிக்க வேண்டும். வகுப்பின் தொடக்கத்தில், முன்பயிற்சியின்றி, சென்ற வாரத் திறன்கள் மூன்றையும் மாற்றி மாற்றி ஒரு சில முறை செய்யச் சொன்னால் போதும். இதற்குத் தனிக் கருவிகள் எவையும் வேண்டியதில்லை. அன்று விழும் பந்துகளே கற்றல் நிகழ்ந்ததா என்பதை ஆசிரியருக்கு உணர்த்தும்.