கூகுள் குபெர்னெட்டிஸ் என்ஜின்

கூகுள் குபெர்னெட்டிஸ் என்ஜின் (ஜி.கே.இ.) என்பது கொள்கலன்களாகக் கட்டப்பட்ட மென்பொருள்களை இயக்கி மேலாண்மை செய்ய உதவும் மேகக் கணிமைச் சேவை ஆகும். இதைக் கூகுள் கிளவுட் வழங்குகிறது. குபெர்னெட்டிஸ் என்னும் திறமூல மென்பொருளே இதன் அடிப்படை.

பெயரும் வரலாறும்

குபெர்னெட்டிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சுக்கான் பிடித்துக் கப்பலைச் செலுத்துபவர், அதாவது மீகாமன் என்பது பொருள். கூகுள் தன் தரவு மையங்களில் பயன்படுத்திய போர்க் என்னும் அமைப்பின் பட்டறிவிலிருந்து இது உருவானது. 2014 சூனில் வெளியிடப்பட்டது. முதல் பதிப்பு 2015 சூலையில் வந்தது. அதே ஆண்டு ஆகத்தில் மேகச் சேவையும் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அப்போது அதன் பெயர் கூகுள் கன்டெய்னர் என்ஜின். 2017 இல் இப்போதைய பெயரைப் பெற்றது.

செயற்படும் முறை

ஒரு மென்பொருளையும் அது இயங்கத் தேவையான நூலகங்களையும் ஒன்றாகப் பொதிந்து வைத்தது படிமம்; படிமம் இயங்கும்போது அது கொள்கலன். ஒன்றோ பலவோ கொள்கலன்கள் சேர்ந்தது பாட். பாட்கள் இயங்கும் கணினி கணு எனவும், கணுக்களின் தொகுதி கொத்து எனவும் அழைக்கப்படும்.

கொத்தின் மூளை கட்டுப்பாட்டுத் தளம் ஆகும். "இந்த மென்பொருளின் மூன்று பிரதிகள் இயங்க வேண்டும்" என்று பயனர் அறிவித்தால், அந்த நிலையை அது தொடர்ந்து காக்கிறது. ஒரு பிரதி நின்றுபோனால் புதியதொன்றைத் தொடங்குகிறது. இத்தளத்தைத் தாமே நிறுவிப் பராமரிப்பது கடினம். ஜி.கே.இ. அப்பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது.

இருவகைக் கொத்துகள்

வழமைக் கொத்தில் கணுக்களின் வகையையும் எண்ணிக்கையையும் பயனரே முடிவு செய்கிறார். 2021 இல் அறிமுகமான ஆட்டோபைலட் வகையில் கணுக்களையும் கூகுளே கவனித்துக்கொள்கிறது. பொதுவாகப் பாட்கள் கோரும் வளங்களுக்கு ஏற்பக் கட்டணம் அமையும். புதிதாகக் கற்போருக்கு இது எளிது. கணுக்களை நேரடியாகக் கையாள வேண்டியவர்களுக்கு வழமைக் கொத்தே பொருந்தும்.

தொடங்கும் படிகள்

1. கூகுள் கிளவுடில் ஒரு திட்டத்தை உருவாக்கிக் கட்டணக் கணக்கை இணைக்க வேண்டும்.
2. அத்திட்டத்தில் குபெர்னெட்டிஸ் என்ஜின் இடைமுகத்தை இயக்க வேண்டும்.
3. உலாவியிலேயே திறக்கும் கிளவுட் ஷெல்லில் ஜிகிளவுட், கியூப்சிடிஎல் ஆகிய இரு கட்டளைக் கருவிகளும் உள்ளன. முதலாவதைக் கொண்டு கொத்தை உருவாக்கி, அதற்கான அணுகல் சான்றுகளைப் பெற வேண்டும்.
4. இரண்டாவதைக் கொண்டு, ஒரு படிமத்தின் பெயரைக் கொடுத்து டிப்ளாய்மென்ட் ஒன்றை உருவாக்க வேண்டும். எஞ்சின்எக்ஸ் வலை வழங்கியின் படிமம் பயிற்சிக்கு ஏற்றது.
5. சுமைப் பகிர்வி வகைச் சேவை ஒன்றை உருவாக்கினால் சில நிமிடங்களில் பொது இணைய முகவரி கிடைக்கும். அதை உலாவியில் திறந்தால் பக்கம் தோன்றும்.

மூன்றாம் படியில் சான்றுகளைப் பெறாவிட்டால், கியூப்சிடிஎல் எந்தக் கொத்துடன் பேச வேண்டும் என்பதை அறியாது. தொடக்கத்தில் ஏற்படும் பிழைகளுக்கு இது ஒரு பொதுவான காரணமாகும்.

செலவும் கவனிக்க வேண்டியவையும்

யாரும் பயன்படுத்தாவிட்டாலும் கொத்து இருக்கும் வரை கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். வழமைக் கொத்தில் கணுக்களின் எண்ணிக்கை ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனியே கணக்கிடப்படுகிறது. எனவே மூன்று மண்டலங்களில் பரவிய வட்டாரக் கொத்துக்கு "3" என்று கொடுத்தால் ஒன்பது கணுக்கள் உருவாகும்.

பயிற்சி முடிந்ததும் முதலில் சேவையை நீக்கி, பிறகே கொத்தை நீக்க வேண்டும். வரிசை மாறினால் சுமைப் பகிர்வி தனியே எஞ்சிக் கட்டணத்தைக் கூட்டக்கூடும். நிலையான தரவுக்கென உருவாக்கிய வட்டுகளும் எஞ்சியுள்ளனவா எனப் பார்க்க வேண்டும். கட்டணக் கணக்கில் செலவு எச்சரிக்கையை முன்பே அமைப்பது நல்லது. ஆனால் அது அறிவிப்பு மட்டுமே அனுப்பும், செலவைத் தானாக நிறுத்தாது.