தண்ணி எங்கே போச்சு?

நம்ம குப்பத்திலிருந்து பொன்னேரிக்கு மீன் ஏத்திப் போகும் எங்க மாமா வண்டியில், ஒரு வாரமாக ரேடியேட்டர் தண்ணி குறைந்துகொண்டே வந்தது. கீழே ஒரு சொட்டு ஈரம் கூட இல்லை. வழியில் என்ஜின் சூடாகி நின்றால் ஐஸ் கரைந்து மீன் கெட்டுப்போகும், அன்றைய வருமானம் போச்சு.

மெக்கானிக் அண்ணன் முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் தண்ணி ஆயிலில் கலந்து பால் டீ நிறமாகிவிடும், அல்லது சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை வரும். இரண்டும் இல்லை. அப்பாடா! அதுதான் பெரிய செலவு.

அடுத்து மூடி. குக்கர் மாதிரி அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிப்பதில்லை. (சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும், ஜாக்கிரதை!) மூடியும் நல்லாத்தான் இருந்தது.

கடைசியில் தண்ணி பம்பு. அதன் அடியில் வேண்டுமென்றே ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்களாம். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணி பேரிங்கிற்குப் போகாமல் அந்த வழியாகக் கசியும். கொஞ்சமாகக் கசிவதால் என்ஜின் சூட்டிலேயே ஆவியாகிவிடும், தரைக்கே வராது. துளையைச் சுற்றி வெள்ளைக் கறை இருந்தது, நம்ம கடல் தண்ணி காய்ந்த பாவாடையில் இருக்குமே, அது மாதிரி. பம்பை மாற்றியாச்சு.

உப்புக் கரிக்கும் போர் தண்ணியை ஊற்றினால் உள்ளே அரிக்குமாம். இப்போ மாமா கூலண்ட்தான் ஊற்றுகிறார்.

— 9-ஆம் வகுப்பு மாணவி