நீங்காத தலையிடியும் நீங்காத அருளும்

தவக்கால மாலையொன்றில் பங்குமனைக்கு ஒரு தாய் வந்தார். "சுவாமி, மூன்று ஞாயிறு பூசைக்கு வர முடியவில்லை. தலையிடி தொடங்கினால் வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்க முடிவதில்லை" என்றார். பதினொரு ஆண்டுகளாக அவரை வருத்தும் ஒற்றைத் தலையிடி அது. ஆங்கில வைத்தியம், சித்த வைத்தியம், மூக்குக்கண்ணாடி, நவநாட்கள், மடு அன்னைக்கு நேர்த்தி என அவர் செய்து பாராதது எதுவுமில்லை. நோயிலும் அதிகமாக அவரை நோகச் செய்தது, "உமக்கு விசுவாசம் போதாது" என்று உறவினர் ஒருவர் கூறிய சொல். நானோ, "இன்னும் உருக்கமாகச் செபியுங்கள் அம்மா" என்று கூறி அனுப்பிவைத்தேன். அவர் படியிறங்கிப் போன பின்னரே, அந்த உறவினர் கூறியதையே நானும் வேறு சொற்களில் கூறிவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. அவரது சம்மதத்துடனேயே இதனை எழுதுகின்றேன்.

அன்றிரவு மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தை வாசித்தேன். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண், வைத்தியர் பலரிடம் சென்று, தன்னிடமிருந்த அனைத்தையும் செலவிட்டும் முன்னிலும் மோசமடைந்தார். அவரது விசுவாசத்தை இயேசு குறைகூறவில்லை; மகளே என்றழைத்துப் பாராட்டினார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் வினவியபோதும் (யோவான் 9), அந்நோயைப் பாவத்தோடு முடிச்சுப்போட அவர் இசையவில்லை.

ஒற்றைத் தலையிடி சோம்பலோ மனப்பிரமையோ அன்று. அது மூளையையும் நரம்புகளையும் சார்ந்த நோய், பரம்பரையாகவும் வரக்கூடியது, ஆண்களைவிடப் பெண்களை ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகப் பீடிப்பது. மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலையிடி ஏற்பட்டு, அவற்றுள் 8 நாட்களேனும் ஒற்றைத் தலையிடியின் இயல்புடன் அமைந்து, மூன்று மாதங்களுக்கு மேலாக நீடித்தால் அதனை நாட்பட்ட ஒற்றைத் தலையிடி என்பர் மருத்துவர்.

"எல்லாம் செய்து பார்த்தாயிற்று" என்போர் வைத்தியரிடம் மீண்டும் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. பரசிற்றமோல் போன்ற சாதாரண வலிநிவாரணிகளை மாதத்தில் 15 நாட்களுக்கும், கூட்டு மருந்துகளை 10 நாட்களுக்கும் குறையாது தொடர்ந்து உட்கொண்டால், குளிசையே தலையிடிக்குக் காரணமாகிவிடலாம். தடுப்பு மருந்துகளின் பயன் தெரிவதற்கு உரிய அளவில் இரண்டு மூன்று மாதங்கள் வேண்டும். பலர் இரண்டே வாரங்களில் கைவிட்டுவிடுகின்றனர். சி.ஜி.ஆர்.பி. எனும் புரதத்தின் செயலைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2018ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. அவை எல்லோருக்கும் எளிதில் கிட்டுவன அல்லவெனினும், ஒரு மருந்து பலனளிக்காமையால் மருத்துவமே கைவிட்டதென்றாகாது. வலி வந்த நாள், உறக்கம், உணவு, உட்கொண்ட குளிசை ஆகியவற்றைக் கொப்பியொன்றில் குறித்துச் செல்வது வைத்தியருக்குப் பேருதவியாகும். திடீரென மின்னலடித்தாற்போல் எழும் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் சோர்வு, பேச்சுத் தடுமாற்றம் என்பன தோன்றினால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

திருச்சபையும் தாய்க்குரிய பரிவுடனேயே சட்டம் வகுத்துள்ளது. நோயினால் ஞாயிறு திருப்பலிக்கு வர இயலாதவர் கடமை தவறியவரல்லர். தவக்கால நோன்பும் நோயுற்றோரைக் கட்டாயப்படுத்துவதில்லை. உணவைத் தவிர்ப்பதே பலருக்கு இத்தலையிடியைத் தூண்டுவதால், வேளைக்கு உண்பது அவர்களுக்குக் குற்றமன்று, அறிவுடைமையாகும். நற்கருணைக்கு முந்திய ஒரு மணிநேர நோன்பும் நோயாளரையோ அவர்களைப் பராமரிப்போரையோ கட்டுப்படுத்தாது. வீட்டுக்கு நற்கருணை கொண்டுவருமாறு பங்குத்தந்தையிடம் தயங்காது கேளுங்கள்.

அப்படியாயின், குணமாகாத நோயில் செபத்தின் பொருள் யாது? தம் உடலில் தைத்த முள்ளை அகற்றுமாறு புனித பவுல் மும்முறை மன்றாடினார் (2 கொரிந்தியர் 12). அது தலைவலியே என்ற கருத்து தம் காலத்தில் நிலவியதைத் தெர்த்துல்லியன் குறிப்பிடுகின்றார். முள் அகலவில்லை, அருள் போதுமானதாயிருக்கும் என்ற மறுமொழியே கிட்டியது. மும்முறை மன்றாடியவரை விசுவாசம் குன்றியவர் என்று யார் கூறத் துணிவர்? கெத்சமனியில் நம் ஆண்டவரும் துன்பக் கிண்ணம் அகலுமாறு மன்றாடினார். ஆகவே, வலியை நீக்கக் கேட்பதும் செபமே. நீங்காதபோது அழுவதும் செபமே.

சில நாட்களின் பின் அத்தாயின் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவரது தலையிடி இன்றும் முற்றாக நீங்கவில்லை. குளிசைகளை வைத்தியர் ஒழுங்குபடுத்திய பின் வலியுள்ள நாட்கள் குறைந்துள்ளன. வலி வரும் நாளில் கணவர் அடுப்படிப் பொறுப்பை ஏற்கின்றார். பிள்ளைகள் வானொலியை நிறுத்தி யன்னல் திரையை இழுத்துவிடுகின்றனர். "இப்போது நான் யாருக்கும் பாரமென்று எண்ணுவதில்லை, சுவாமி" என்றார் அவர்.

அன்புக்குரிய குடும்பங்களே, யோபுவின் நண்பர்கள் ஏழு நாட்கள் அவரருகே வாய் திறவாது அமர்ந்திருந்தனர். வாய் திறந்த பின்னரே அவர்கள் தவறினர். உங்கள் இல்லத்திலும் இருண்ட அறையொன்றில் ஒருவர் படுத்திருக்கலாம். அவருக்கு உபதேசம் வேண்டாம். ஒரு குவளைத் தண்ணீரும், சத்தமற்ற ஒரு மணிநேரமும், அவர் கூறுவதை நம்பும் ஓர் உள்ளமும் போதும். ஆண்டவரின் அருள் அவரைச் சென்றடைவது அநேகமாக உங்கள் கைகளின் வழியாகவே.