தகவல் துளி: பூதம் அதேதான், குரல் வேறு

அலாவுதீனையும் அவன் அற்புத விளக்கையும் அறியாத குழந்தை உண்டா? அந்தக் கதையை டிஸ்னி நிறுவனம் 1992-இல் கார்ட்டூன் படமாக்கியது. நடிகர் ராபின் வில்லியம்ஸின் குரலில் விளக்குப் பூதம் பேசப் பேச, வீட்டிலுள்ள எல்லோரும் சிரித்து மகிழ்ந்தார்கள்.

1994-இல் அடுத்த பாகம் வந்தது. பெயர், 'த ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்'. இது தியேட்டருக்கு வரவில்லை. நேராக வீடியோ கேசட்டாகக் கடைக்கு வந்தது. தயாரித்தது டிஸ்னியின் தொலைக்காட்சிப் பிரிவு. செலவு குறைவு, ஓவியங்களில் பழைய நுணுக்கம் இல்லை. ராபின் வில்லியம்ஸும் இல்லை. பூதம் அதேதான், குரல் வேறு! ஆனாலும் கேசட்டுகள் ஒரு கோடிக்கு மேல் விற்றன.

அந்த விற்பனை புதிய வழியைத் திறந்துவிட்டது. 1950-இல் வந்த சிண்ட்ரெல்லாவுக்கு 2002-இலும், 1942-இல் வந்த பாம்பிக்கு 2006-இலும் இப்படி வீட்டுத் திரைக்கென்றே இரண்டாம் பாகங்கள் வந்தன. முதல் படத்தை நெஞ்சில் வைத்திருந்த பலருக்கு மிஞ்சியது ஏமாற்றமே.

டிஸ்னிக்காகப் பிக்சார் நிறுவனம் எடுத்த 'டாய் ஸ்டோரி 2' படமும் முதலில் வீடியோவுக்காகத் தொடங்கப்பட்டதுதான். கதை மனத்துக்கு நிறைவாக இல்லை என்று உணர்ந்த பிக்சார் கலைஞர்கள், அதைத் திருத்தி எழுதி, சுமார் 9 மாதங்களில் படத்தையே புதிதாக உருவாக்கினார்கள். 1999-இல் தியேட்டருக்கு வந்த அந்தப் படம், முதல் பாகத்துக்கு நிகராகக் கொண்டாடப்பட்டது.

ஒரு குழந்தையின் அன்பைப் பெற்ற கதையை மறுபடி தொடும்போது, முதல்முறை காட்டிய அதே அக்கறை வேண்டும், நேயர்களே!