நடைக்கும் சைக்கிளுக்கும் வழி வேண்டும்

நமது அரசு மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியர்க்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கி வருகிறது. அச்சைக்கிள் பள்ளிக்குச் செல்கிறதா, வீட்டுத் திண்ணையில் துருப்பிடிக்கிறதா என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் சிந்தித்தல் வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலும், 2010-ல் ஒரகடத்திலும் கார் உற்பத்தி தொடங்கியது. தொழில் பெருகிற்று, சாலைகள் அகன்றன. ஆனால் நடப்போர்க்கு அச்சாலைகளே தடையாகவும் அமையக்கூடும்.

மக்கள் நடப்பதையும் சைக்கிளில் செல்வதையும் தீர்மானிப்பவை யாவை?

முதலாவது தூரம். மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவருக்கு 3 கிலோமீட்டர் செல்ல 36 நிமிடம் ஆகும். 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிளுக்கு 15 நிமிடமே போதும். ஆயினும், சாலை நடுவேயுள்ள தடுப்பில் திறப்பு 1 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பின், கூப்பிடு தூரத்திலுள்ள எதிர்ப்புறத்தை அடைய 2 கிலோமீட்டர் சுற்ற நேரிடும். அதற்கு அஞ்சியே பலர் எதிர்த் திசையில் சைக்கிள் ஓட்டுகின்றனர், தடுப்பைத் தாண்டுகின்றனர்.

இரண்டாவது அச்சம். சாலையோரத்தில் லாரி நின்றால், சைக்கிள் விரைந்து வரும் வண்டிகளுக்கு நடுவே தள்ளப்படும். ஒருமுறை அஞ்சிய தாய் மறுநாள் மகளைத் தனியே அனுப்பமாட்டாள்.

மூன்றாவது நிழலும் வெளிச்சமும். சித்திரை வெயிலில் மரமற்ற பாதையிலும், இரவு முறை முடிந்து திரும்புகையில் விளக்கற்ற பாதையிலும் நடக்க எவரும் விரும்பார்.

நான்காவது ஊராரின் எண்ணம். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றனர். முதலில் ஏளனம் செய்த ஊர்கள் பின்னர் ஏற்றுக்கொண்டன.

இவற்றுள் நம் கையில் உள்ளவை பல. ஊராட்சிச் சாலையைச் செப்பனிடுதலும், தெருவிளக்கு எரியச் செய்தலும் ஊராட்சியின் கடமை. பேருந்து நிறுத்தம் வரையில் முட்புதரை அகற்றி, புங்கும் வேம்பும் நட்டு வளர்க்கலாம். நெடுஞ்சாலையைக் கடக்கும் இடமோ நம் அதிகாரத்திற்கு உட்பட்டதன்று. எனவே கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, கடக்கும் இடத்தையும் நேரத்தையும் குறித்து உரிய துறைக்கு அனுப்புதல் வேண்டும்.

அதற்கு முன், ஒரு நாள் காலையில் பள்ளிப் பிள்ளைகளுடன் நாமும் நடந்து செல்வோம். எங்கே அவர்கள் தயங்கி நிற்கிறார்களோ, அங்கேயே நமது பணி தொடங்குகிறது.